மின்னேற்றிகள்: எண்ணிக்கை மட்டும் போதுமா?

மின் வாகனங்களுக்கான பொது மின்னேற்று நிலையங்கள் குறித்த விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சுற்றியே நடைபெறுகிறது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 'பிஎம் இ-டிரைவ்' திட்டத்தின் ரூ.10,900 கோடி ஒதுக்கீட்டில் ரூ.2,000 கோடி இந்த நிலையங்களுக்கானது. நான்கு சக்கர வாகனங்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இரு மற்றும் மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400 விரைவு மின்னேற்றிகள் என்பது இலக்கு. வரவேற்கத்தக்க இலக்குதான். ஆனால், எந்த வண்டிக்கு எந்த மின்னேற்றி பொருந்தும், அதை எங்கே அமைத்தால் மக்கள் பயன்படுத்துவார்கள் என்ற கேள்விகளுக்கு இந்த எண்ணிக்கையில் விடை இல்லை.

இந்தக் கேள்விகளை மிகக் கூர்மையாக எழுப்புபவை 'பிளக்-இன் ஹைபிரிட்' கார்கள். பெட்ரோல் என்ஜின், மின் மோட்டார் இரண்டும் இவற்றில் உண்டு. சாதாரண ஹைபிரிட் காரின் சிறிய மின்கலம் வண்டியின் ஓட்டத்திலேயே மின்னேற்றம் பெறும். பிளக்-இன் காரின் பெரிய மின்கலத்தை வெளி இணைப்பிலிருந்தும் நிரப்பலாம். அன்றாடச் சிறு பயணங்களுக்கு மின்சாரம், நெடும்பயணங்களுக்குப் பெட்ரோல் என்பதே இதன் தத்துவம். இந்தியாவில் இவை இதுவரை பெரும்பாலும் சொகுசு கார் வாங்குவோரிடம் மட்டுமே இருக்கின்றன. ஐரோப்பாவிலும் சீனாவிலும் லட்சக்கணக்கில் ஓடும் இவ்வகைக் கார்கள் இங்கும் நடுத்தர விலைக்கு இறங்கும்போது, நமது மின்னேற்று வலையமைப்பு அவற்றுக்கு உதவுமா என்பதே என் ஐயம்.

முதலில் பொருத்தப்பாட்டைப் பார்ப்போம். மின்னேற்றம் இருவகை. மாறு மின்னோட்டத்தில் (ஏசி), காருக்குள் இருக்கும் மின்னேற்றியே அதை நேர் மின்னோட்டமாக மாற்றி மின்கலத்துக்கு அளிக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது அந்தக் கருவியின் திறன். நேர் மின்னோட்டத்தில் (டிசி) மாற்றும் வேலை நிலையத்திலேயே முடிந்துவிடுவதால் வேகம் அதிகம். பெரும்பாலான பிளக்-இன் ஹைபிரிட் கார்களில் டிசி இணைப்புவாயே கிடையாது. ஆகவே நெடுஞ்சாலை ஓரத்தில் 60 கிலோவாட் விரைவு மின்னேற்றிகள் வரிசையாக நின்றாலும் இவற்றுக்கு அவை இல்லாதவையே. 7.4 கிலோவாட் ஏசி கம்பத்தில் இணைத்தாலும், காரின் உள் மின்னேற்றி 3.6 கிலோவாட் திறனுடையது என்றால் அந்த வேகத்தில்தான் மின்சாரம் ஏறும்.

அடுத்தது செருகியின் வடிவம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஏசி மின்னேற்றத்துக்கு ஐந்து முனைகள் கொண்ட டைப்-1. ஐரோப்பாவில் ஏழு முனைகள் கொண்ட டைப்-2. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ஆம் ஆண்டிலேயே ஒரு நெறியாணை மூலம் டைப்-2, சிசிஎஸ்-2 ஆகியவற்றைப் பொதுத் தரமாக்கிக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நாமோ சுற்றி வந்தோம். 2017-இல் பாரத் ஏசி-001, பாரத் டிசி-001 என்ற உள்நாட்டுத் தரங்கள் வகுக்கப்பட்டன. 2018 டிசம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல், ஒவ்வொரு பொது நிலையத்திலும் சிசிஎஸ், சாடெமோ, டைப்-2, இரு பாரத் வகைகள் என ஐந்தும் இருக்க வேண்டும் என்றது. முதலீட்டுச் சுமை அதிகம் என்பதால் 2019 அக்டோபரில் அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. கார்களில் ஏசிக்கு டைப்-2, டிசிக்கு சிசிஎஸ்-2 என்பது இன்று நடைமுறையில் நிலைபெற்றுவிட்டது. ஆனால், முதலீட்டாளர்களும் மானியங்களும் டிசி பக்கமே சாய்கின்றனர். செலவு குறைந்த டைப்-2 கம்பங்கள் கவனிப்பாரற்று நிற்கின்றன.

பொருந்தினால் மட்டும் போதாது. செலவும் கட்டுப்படியாக வேண்டும். ஓர் எளிய கணக்கு. பெட்ரோல் லிட்டர் ரூ.100, ஹைபிரிட் ஓட்டத்தில் லிட்டருக்கு 18 கி.மீ. எனக் கொண்டால், கிலோமீட்டருக்குச் செலவு சுமார் ரூ.5.50. ஒரு யூனிட் மின்சாரத்தில் அதே கார் 5 கி.மீ. ஓடும் எனக் கொள்வோம். வீட்டில் யூனிட் ரூ.8 என்றால் கிலோமீட்டருக்கு ரூ.1.60. பொது நிலையத்தில் வரியோடு ரூ.22 என்றால் ரூ.4.40. அதாவது, 50 கி.மீ. ஓட்டத்துக்கு வீட்டு மின்னேற்றம் ஏறத்தாழ ரூ.200 மிச்சப்படுத்துகிறது, பொது நிலையமோ ரூ.60-ஐக்கூட எட்டுவதில்லை. அந்தச் சிறு தொகைக்காக மூன்று மணி நேரம் காத்திருக்க யார் முன்வருவார்? மின்கலம் தீர்ந்தால் வேறு வழியில்லாத மின் கார் உரிமையாளர் காத்திருந்தே ஆகவேண்டும். பிளக்-இன் உரிமையாளரிடம் பெட்ரோல் தொட்டி இருக்கிறது. அவர் செருகியை மறந்துவிடுவார்.

இது வெறும் ஊகம் அன்று. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, சாலையில் ஓடும் கார்களிலேயே பதிவான எரிபொருள் தரவுகளை ஆராய்ந்தது. பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் உண்மையான கரியமில வாயு உமிழ்வு, ஆய்வகச் சோதனையில் காட்டிய அளவைவிட 3.5 மடங்கு அதிகம் என்று அது கண்டறிந்தது. பெட்ரோல், டீசல் கார்களில் இந்த இடைவெளி சுமார் 20 சதவீதம் மட்டுமே. எதிர்பார்த்த அளவுக்கு இந்தக் கார்கள் மின்னேற்றம் செய்யப்படுவதில்லை என்பதே காரணம். மின்னேற்றாத பிளக்-இன் கார், கனமான மின்கலத்தைச் சுமந்து திரியும் பெட்ரோல் கார்தான்.

ஆகவே தீர்வு தொடங்க வேண்டிய இடம் நெடுஞ்சாலை அன்று. கார் நெடுநேரம் நிற்கும் இடம். வீடு, அலுவலகம், ரயில் நிலையம், மருத்துவமனை. 12 யூனிட் மின்கலத்தை 3.3 கிலோவாட் இணைப்பு சுமார் நான்கு மணி நேரத்தில் நிரப்பிவிடும். அதற்குப் பல லட்ச ரூபாய் இயந்திரம் தேவையில்லை. பாதுகாப்பான மின்கம்பியும் தனி மீட்டரும் போதும். ஆனால், நகரங்களில் பலர் வாழும் அடுக்குமாடிகளில் அதுவே பெரும்பாடு. நான் வசிக்கும் குடியிருப்பில் ஒருவர் தம் வாகன நிறுத்துமிடத்துக்கு மின் இணைப்புக் கேட்டபோது, தீ அச்சத்திலிருந்து பொது மின்கட்டணப் பங்கீடு வரை மாதக்கணக்கில் விவாதம் நீண்டது. இத்தனைக்கும், 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், மின்னேற்றத்துக்குத் தனி இணைப்புப் பெற வழிசெய்கின்றன. புதிய கட்டடங்களில் வாகன நிறுத்துமிடத்தின் 20 சதவீதத்தில் மின்னேற்ற வசதி வேண்டும் என 2019-இல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள் கூறுகின்றன. சட்டம் இருக்கிறது, அது குடியிருப்போர் சங்கக் கூட்டம் வரை வந்து சேரவில்லை.

பொது நிலையங்களிலும் சீர்திருத்தம் தேவை. பிரிட்டன் 2023-இல் இயற்றிய விதிகள், கட்டணத்தை யூனிட் கணக்கில் வெளிப்படையாகக் காட்டவும், விரைவு மின்னேற்றிகளின் வலையமைப்பு 99 சதவீத நேரம் இயங்கவும் கட்டாயப்படுத்துகின்றன. தெருவோரத் தேநீர்க் கடையில் யுபிஐ மூலம் பணம் செலுத்தும் நாட்டில், நிறுவனத்துக்கொரு செயலி, அதில் முன்பணம் என்ற நிலை ஏன் நீடிக்க வேண்டும்? மெதுவாக மின்னேறும் கார்களைத் தண்டிக்கும் நிமிடக் கட்டணத்துக்கும் இடம் தரக்கூடாது. அதேவேளை, மின்னேற்றம் முடிந்த பின்னும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்போருக்குத் தனிக் கட்டணம் விதிப்பது நியாயமே.

இறுதியாக வரி. மின் கார்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஹைபிரிட் கார்களுக்கு அளவைப் பொருத்து 18 அல்லது 40 சதவீதம். பிளக்-இன் கார்களுக்கும் சலுகை வேண்டும் என்ற கோரிக்கை வலுக்கும்போது, அரசு ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும். ஐரோப்பாவைப் போல, ஓடிய தூரத்தில் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு பெட்ரோல் என்பதை காரே பதிவுசெய்து தெரிவிக்கட்டும். செருகி இருப்பதற்காக அல்ல, அதைப் பயன்படுத்துவதற்காகவே மக்கள் வரிப்பணம் செலவாக வேண்டும்.