கடற்கரைத் தரிப்பிடத்துக்கு வற் வேண்டாம்

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் நம் தோட்டத்துச் சனங்கள் சிலர் சண்டிலிப்பாயில் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் வானில் பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகர் கசூரினாவுக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பலர் கடலைக் காண்பதே அன்றுதான்.

2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 வீதமானது. பெற்றோல், டீசலுக்கும் அப்போதே வந்தது. ஆக, வான் கூலியிலேயே வரி கட்டியாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் வர்த்தமானி தந்த நாட்சம்பளமோ 1,350 ரூபா!

துப்புரவுக்கும் மலசலகூடத்துக்கும் பிரதேச சபை தரிப்பிடக் கட்டணம் வாங்கட்டும், அது நியாயம். நாளை பெரிய குத்தகைக் கம்பனி கைக்குப் போனால் ரசீதில் வற்றும் ஏறலாம். 2002ஆம் ஆண்டு வற் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் பொதுப் பயணிகள் போக்குவரத்து இருக்கிறது. பக்கத்திலேயே பொதுக் கடற்கரைத் தரிப்பிடத்தையும் பெயர் சொல்லி எழுதட்டும். நம் எம்.பி.மார் அடுத்த வரவுசெலவு விவாதத்தில் இதைக் கேட்க வேண்டும்.