யூரியா கேட்டா டானிக் பாட்டில் எதுக்கு?

மானாவாரி கேழ்வரகுக்கு மேலுரம் போட மழை பெஞ்ச ஈரம் வேணும். ஈரம் காயறதுக்குள்ள யூரியா தூவியாகணும். அந்த அவசரத்துல உரக்கடைக்கு ஓடுற விவசாயிகிட்ட என்ன சொல்றாங்க? "மூட்டை வேணும்னா இந்த டானிக்கையும் எடுத்துக்கணும்." 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. டானிக்குக்குப் பணம் தனி!

நாம ஜோடிச்சுச் சொல்றதில்லை இது. மானிய உரத்தோட நானோ உரத்தையும் உயிர் ஊக்கிகளையும் விவசாயி தலையில கட்டுறதை உடனே நிறுத்தணும்னு 2025 ஜூலையில் எல்லா முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதியவர், ஒன்றிய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான். அதே மாசம் அவரே சொன்ன கணக்கு: சுமார் 30,000 உயிர் ஊக்கிப் பொருட்கள் பல வருஷமா கண்காணிப்பே இல்லாம வித்துக்கிட்டிருந்துச்சாம், கெடுபிடிக்கு அப்புறம் சுமார் 650 ஆயிடுச்சாம். சரி, மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கி அடிச்சவங்களுக்கு யார் பதில் சொல்றது? 2021-லேயே உயிர் ஊக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள்ள கொண்டுவந்துட்டு நாலு வருஷம் என்ன செஞ்சீங்க?

கேழ்வரகுக்கு உண்மையில எவ்வளவு உரம் தேவை? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி மானாவாரியில் எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 40:20:20 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டா தழைச்சத்து 16 கிலோ, அதாவது சுமார் 35 கிலோ யூரியா. ஒரு மூட்டை கூட முழுசா ஆகாது! அதையும் அடியுரம், மேலுரம்னு பிரிச்சுத்தான் போடணும். கூட ஏக்கருக்கு 5 டன் தொழு உரம், விதை நேர்த்திக்கு அசோஸ்பைரில்லம். மண் பரிசோதனை செஞ்சிருந்தா அந்த அட்டைப்படி.

வளர்ச்சி ஊக்கிக்கு நாம எதிரி இல்லை. குளோர்மெக்குவாட் மாதிரி மருந்து தண்டைக் குட்டையாக்கிப் பயிர் சாயாம நிறுத்தும். ஆனா எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்துல, எத்தனை பிபிஎம்னு ஒரு அளவு இருக்கு. அது தப்பினா பலன் இல்லை, சில சமயம் பயிரே கெடும். அளவுக்கு மேல யூரியாவைப் போட வெச்சு, பயிர் சாஞ்சதும் நிமிர்த்த ஒரு பாட்டில் விக்கிறதுக்குப் பேரு விவசாய அறிவியலா? காஞ்ச மண்ணுல எந்த ஊக்கியும் மழைக்கு ஈடாகாது.

2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடினாங்க, 'ஸ்ரீ அன்னா'ன்னு பேரும் வெச்சாங்க. கேழ்வரகுக்காவது 2025-26-க்கு குவிண்டால் 4,886 ரூபாய்னு ஆதார விலை அறிவிச்சிருக்கு. சாமைக்கு? தினைக்கு? வரகுக்கு? குதிரைவாலிக்கு? ஒன்றிய அரசோட ஆதார விலைப் பட்டியல்ல இதுங்க பேரே கிடையாது. கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் சாமை விதைக்கிற பழங்குடி விவசாயி விளைச்சலைக் கூட்டினாலும் வியாபாரி சொன்னதுதான் விலை. விலையே இல்லாத பயிருக்கு ஊக்கி மட்டும் கட்டாயமா?

தோழர்களே, உரம் வாங்கினா பில் கேளுங்க. டானிக்கைத் திணிச்சா அதையும் பில்லுல எழுதச் சொல்லுங்க, எழுத மறுத்தா அதையும் குறிச்சுக்குங்க. வட்டார வேளாண்மை உதவி இயக்குநர்கிட்ட எழுத்துல புகார் கொடுங்க. ஒரு நகல் நம்ம கிளைக்கு வரட்டும். எல்லாத்தையும் கட்டா எடுத்துக்கிட்டு மாவட்ட ஆட்சியரோட விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குச் சேர்ந்தே போவோம்.

#டானிக்_திணிப்பை_நிறுத்து
#சாமைக்கும்_ஆதாரவிலை