பழைய பொட்டிக்கு இன்னும் உயிர் இருக்கு!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

எங்க வியாசர்பாடியில நிறைய வீடுகள்ல ஒரு காட்சியைப் பார்க்கலாம். பத்துக்குப் பத்து ரூம். டிவி, பீரோ, அரிசி டிரம். ஒரு மூலையில பழைய புடவையைப் போர்த்தி வெச்ச கம்ப்யூட்டர். 2011, 2012 வாக்குல பெரிய பையன் படிப்புக்காகத் தவணையில வாங்கினதா இருக்கும். இப்ப அது மேல துணி மடிச்சு வைக்கறாங்க. கேட்டா ஒரே பதில்தான்: "அது ஆன் ஆவறதுக்கே பத்து நிமிஷம் ஆவுது தம்பி, யாரு குந்தறது?"

கடையில கொண்டுபோய்க் காட்டினா, "இதெல்லாம் அவுட்டேட்டட் சார், எடைக்குப் போட்டுட்டுப் புதுசா வாங்கிடுங்க"ன்னு சொல்வாங்க. புதுசுன்னா முப்பதாயிரம், நாப்பதாயிரம். அந்தக் காசு இல்லாததால பழசும் ஓடறதில்ல, புதுசும் வர்றதில்ல. பாதிப் பேர் கடைசியில காயலான் கடைக்காரர்கிட்ட வந்த விலைக்குத் தள்ளிவிடறாங்க.

என் கட்சி இதுதான்: அந்தப் பொட்டியைப் போடாதீங்க. அஞ்சாயிரத்துக்குள்ள செகண்ட் ஹேண்ட் பார்ட்ஸ் போட்டா இன்னும் சில வருஷம் நல்லாவே ஓடும். ஆனா எதைப் பழசா வாங்கலாம், எதைத் தொடவே கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

"அதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே, கம்ப்யூட்டர் எதுக்கு?"ன்னு சிலர் கேப்பீங்க. போன்ல நாப்பது பக்கம் புராஜெக்ட் டைப் பண்ணிப் பாருங்க. எக்ஸெல்ல ஒரு ஃபார்முலா போட்டுப் பாருங்க. டேலி கத்துக்கற பொண்ணும், பைத்தான் கத்துக்கற பையனும் போனை வெச்சு என்ன பண்ணுவாங்க? ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய், பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து, பின்னாடி நிக்கறவர் முறைக்கறதுக்குள்ள எழுந்து வரணும். 2020 ஊரடங்குல ஒரே போனை மூணு பிள்ளைங்க பங்கு போட்டுக்கிட்டு ஆன்லைன் வகுப்புல உக்காந்ததை நாம எல்லாரும் பார்த்தோம். வசதியான வீட்டுக்கு அது ஒரு சாமான். இங்க அது ஒரு பிள்ளையோட வேலை வாய்ப்பு.

நோய் எங்க இருக்கு?

பொட்டி மெதுவா ஓடறதுக்கு பத்துக்கு எட்டு இடத்துல ப்ராசசர் காரணமே இல்ல. ஹார்ட் டிஸ்க்தான். உள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்தும், அதுமேல ஒரு முள் அங்கயும் இங்கயும் ஓடித் தேடும். பழைய ரெக்கார்டு பிளேயர் மாதிரி. சிதறிக் கிடக்கற சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கறப்போ விநாடிக்குச் சுமார் நூறு வேண்டுகோளைத்தான் அதால கவனிக்க முடியும். எஸ்எஸ்டியில சுத்தற பாகமே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே விநாடிக்குப் பல்லாயிரம் வேண்டுகோளை முடிச்சிடும். விண்டோஸ் திறக்கறப்போ நடக்கறது பெரும்பாலும் இந்தச் சில்லறை வேலைதான்.

அடுத்த நோய் ரேம் பத்தாதது. 2 ஜிபி ரேம்ல இன்னைக்கு பிரவுசர்ல நாலு பக்கம் திறந்தாலே மூச்சு முட்டும். ரேம் நிரம்பினதும் மீதியை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளும். அது ஏற்கெனவே நொண்டி.

எதிர்வீட்டு அக்கா பொண்ணு பி.காம் சேர்ந்தப்போ, 2025 தொடக்கத்துல, அவங்க பொட்டியைத் திறந்து பார்த்தேன். 2012ல வாங்கினது. எச்61 மதர்போர்டு, பென்டியம் ஜி630, 2 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒரு காலத்துல நம்மூர்ல அசெம்பிள் பண்ணின வீட்டுப் பொட்டியில பாதி இந்த ஜாதகம்தான். அன்னைக்கு ஆன செலவு இது:

புது 256 ஜிபி எஸ்எஸ்டி - 1500
பழைய டிடிஆர்3 ரேம், 4 ஜிபி ரெண்டு - 600
பழைய ஐ5-2400 ப்ராசசர் - 900
புது எஸ்எம்பிஎஸ் - 1500
தெர்மல் பேஸ்ட், மதர்போர்டு செல் - 150

மொத்தம் 4650 ரூபாய். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டலை, படம் பாட்டு வெச்சுக்கட்டும்னு ரெண்டாவது டிரைவா விட்டாச்சு. பொட்டி அரை நிமிஷத்துல திறக்குது. அக்கா சொன்னது: "இன்னாடா, பொத்தானை அமுக்கறதுக்குள்ள வந்துடுச்சு!"

எச்61ல சாட்டா ரெண்டாம் தலைமுறைதான், எஸ்எஸ்டியோட முழு வேகம் கிடைக்காது. பரவாயில்ல, சில்லறை வேலையில கிடைக்கற லாபம் அப்படியே இருக்கும். மூணாம் தலைமுறை ஐ5-3470 ஏன் போடலைன்னு விவரம் தெரிஞ்சவங்க கேப்பீங்க. பல எச்61 போர்டுகள்ல அதுக்கு முதல்ல பயாஸ் அப்டேட் பண்ணணும், அதையும் பழைய ப்ராசசர் இருக்கறப்பவே பண்ணணும். 2400ன்னா ஏற்கெனவே இருந்ததோட அதே தலைமுறை, மாட்டினா ஓடும். காசு எண்ணி வாங்கற இடத்துல ரிஸ்க் வேணாம்.

எது பழசா வாங்கலாம், எது கூடாது

வாங்கலாம்: ப்ராசசர், ரேம். ரெண்டுலயும் தேயற பாகம் இல்ல. பின் வளையாம, எரிஞ்ச தடம் இல்லாம இருந்தா பெரும்பாலும் உங்க மதர்போர்டுக்குப் பின்னாலதான் சாகும். மானிட்டரும் வாங்கலாம், போட்டுப் பார்த்துட்டு.

வாங்கவே கூடாது: எஸ்எம்பிஎஸ். இது கெட்டா தனியாப் போகாது, கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போகும். உள்ள இருக்கற கெப்பாசிட்டர் வருஷம் ஆக ஆக உப்பும், வெளியில இருந்து தெரியாது. பேர் தெரியாத கம்பெனி '450 வாட்ஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டினது புதுசா இருந்தாலும் நம்பாதீங்க. கையில தூக்கினா காத்து மாதிரி இருந்தா அங்கயே வெச்சுட்டு வாங்க.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி ரெண்டும் புதுசாவே வாங்குங்க. இதுங்களுக்கு ஆயுசு கணக்கு உண்டு. வேற வழியில்லாம வாங்கினா 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'ங்கற இலவச மென்பொருளைப் போட்டு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, கெட்டுப்போன செக்டார் இருக்கான்னு பார்த்துடணும்.

பழைய மோட்டார் சாமானுக்குப் புதுப்பேட்டை மாதிரி, கம்ப்யூட்டர் சாமானுக்கு ரிச்சி தெரு. வியாசர்பாடி ஜீவாவுல ரயில் ஏறினா மூர் மார்க்கெட், அங்க இருந்து கால்நடையாவே போயிடலாம். போறதுக்கு முன்னாடி சில உஷார்:

ரேம் ரொம்ப சல்லிசாக் கிடைச்சா ஒரு கேள்வி கேளுங்க. ஏஎம்டி போர்டுல மட்டும் ஓடற டிடிஆர்3 ரேம்னு ஒண்ணு இருக்கு. இன்டெல் போர்டுல போட்டா ஊமையா நிக்கும்.

பழைய கிராபிக்ஸ் கார்டோட பயாஸை மாத்தி, பெரிய மாடல் பேரைக் காட்டற வித்தையும் நடக்குது. 'ஜிபியு-இசட்' ஓட்டினா பல சமயம் போலின்னு அதுவே சொல்லிடும்.

டெல், எச்பி மாதிரி பிராண்டட் ஆபீஸ் பொட்டிகள் நல்லா உழைக்கும். ஆனா நிறைய மாடல்கள்ல எஸ்எம்பிஎஸ்ஸும் இணைப்பும் அவங்க தனி அளவு. கெட்டா கடையில கிடைக்கற சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது.

ரேம் வாங்கினதும் ஒரு ராத்திரி 'மெம்டெஸ்ட்' ஓட விடுங்க. திருப்பித் தர்ற நாளைக் கடைக்காரர்கிட்ட பில்லுலயே எழுதி வாங்கிடுங்க.

காசு செலவில்லாத வைத்தியமும் இருக்கு. ரேமைக் கழட்டி, அந்தத் தங்க நிறப் பட்டையை ரப்பரால தேய்ச்சு மாட்டுங்க. எண்ணூர், ராயபுரம் பக்கம் உப்புக் காத்து, இந்தப் பக்கம் லாரித் தூசி, பாதி 'டிஸ்பிளே வரலை' கேஸ் இதுலயே முடிஞ்சிடும். தேதி மாறி மாறிக் காட்டுதா? மதர்போர்டு செல் போச்சு. தேதி தப்பா இருந்தா பல இணையப் பக்கங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்காது. நெட்டு ரிப்பேர்னு நினைச்சு அலையாதீங்க. அப்புறம், பொட்டியைத் தரையில வைக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு எங்க பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வந்தது. முதல்ல முங்கினது தரையில இருந்த சாமான்தான்.

மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு

இப்ப பொட்டிகளை எடைக்கு அனுப்பறது தேய்மானம் இல்ல, ஒரு தேதி. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா ஏறக்குறைய எட்டாம் தலைமுறையில இருந்துதான்னு சட்டம். நல்லா ஓடிட்டிருந்த பொட்டிகள் எல்லாம் ஒரே நாள்ல 'பழசு' ஆயிடுச்சு. இதனால உலகத்துல 24 கோடி கம்ப்யூட்டர் குப்பைக்குப் போகலாம்னு கேனலிஸ் நிறுவனம் 2023 டிசம்பர்லயே கணக்கு சொன்னது. வீட்டு உபயோகத்துக்குப் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிச்சாங்க. வாய்தா வாங்கின மாதிரிதான்.

என் பதில்: லினக்ஸ் மின்ட் போடுங்க. மின்ட் 22க்கு 2029 வரைக்கும் ஆதரவு இருக்கு, காசு கிடையாது, பழைய பொட்டியில மின்னலா ஓடும். தமிழ் 99ஓ ஃபொனெடிக்கோ, ரெண்டுக்கும் ஐபஸ் எம்17என் இருக்கு. எ-கலப்பையில தட்டிப் பழகின கைகளுக்கு ஒரு மணி நேரத்துல பழகிடும். தமிழ்நாடு அரசு 2011ல குடுக்க ஆரம்பிச்ச இலவச லாப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கா? நம்ம பிள்ளைங்களுக்கு லினக்ஸ் ஒண்ணும் வேற்றுக் கிரகம் இல்ல.

நியாயமாச் சொல்லணும்னா எல்லாருக்கும் இது ஒத்துவராது. டேலியோ, ஃபோட்டோஷாப்போ வெச்சுப் பிழைக்கறவங்களுக்கு விண்டோஸ் வேணும். அவங்க எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட, கம்பெனிங்க கழிச்சுக் கட்டின ஆபீஸ் பொட்டியைத் தேடலாம். அதே மாதிரி டிடிஆர்2 ரேம், கோர் 2 டுயோ காலத்துப் பொட்டியா இருந்தா காசைப் போடாதீங்க. மூணாயிரம் செலவு பண்ணி முட்டுச் சந்துல நிக்க வேண்டாம்.

இன்னொரு சங்கதி. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்காரங்க வாங்கிக் குவிச்சதுல புது ரேம் விலை எகிறிடுச்சு. டிசம்பர்ல மைக்ரான் தன்னோட க்ரூஷியல் பிராண்ட் சில்லறை வியாபாரத்தையே மூடறதா அறிவிச்சது. நான் மேல சொன்ன விலையை அப்படியே நம்பிப் போகாம, விசாரிச்சுட்டுப் போங்க.

குப்பை யார் வீட்டு வாசல்ல?

நான் இவ்வளவு வரிஞ்சு கட்டிக்கிட்டுப் பேசறதுக்கு இன்னொரு காரணம் உண்டு. 2022ல மட்டும் உலகத்துல 6.2 கோடி டன் மின்கழிவு. அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி ஆனதாக் கணக்குல இருக்கறது 22.3 சதவீதம்தான்னு ஐநா அறிக்கை சொல்லுது. மீதி எங்க போகும்? அடையாறுலயோ போட் கிளப்லயோ யாரும் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கறதில்ல. கொடுங்கையூர் குப்பைமேடு எங்களுக்குப் பக்கத்து வீடு. அது பத்திக்கிட்டா புகை எங்க மூக்குலதான் ஏறும். எடைக்குப் போட்டா நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ கிடைக்கும். அதுல இருந்து வர்ற ஈயமும் புகையும் இலவசம்.

மின்கழிவு விதிகள் 2022ன்னு ஒண்ணு 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. தயாரிக்கற கம்பெனிக்குத்தான் பொறுப்புன்னு அது சொல்லுது. நல்லது. ஆனா ஒரு பொட்டி நாலு வருஷம் அதிகமா ஓடினா அந்த நாலு வருஷத்துக்கு அது குப்பையே இல்ல. இதுக்கு எந்த விதியும் தேவையில்ல, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

பொட்டி தட்டிப் பிழைக்கற மக்களே, இது உங்களுக்கு. லாப்டாப்புக்குப் பெரிய ரேம் மாத்தினப்போ கழட்டின 4 ஜிபி ரேம் உங்க மேசை டிராயர்ல கிடக்கும். பழைய எஸ்எஸ்டி ஒண்ணு கிடக்கும். எஸ்எஸ்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஆதார் நகல், பேங்க் பேப்பர் எல்லாம் போற மாதிரி சுத்தமா அழிச்சுடுங்க. அப்புறம் உங்க தெருவுலயே, உங்க வீட்டுல வேலை செய்யற அக்கா வீட்டுலயே, புடவை போர்த்தின ஒரு பொட்டி இருக்கான்னு கேட்டுப் பாருங்க. நிச்சயம் இருக்கும்.

டிஸ்கி: 'நானே மாட்டிக்கறேன்'னு கிளம்பற புது மாப்பிள்ளைகளுக்கு - பிளக்கைப் பிடுங்கிட்டு உள்ள கை வைங்க. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க. அதுக்குள்ள கரண்ட் கொஞ்ச நேரம் தங்கும் :-)