தேய்ப்பதற்கு முன்

பழைய மரக் கனூ ஒன்று வீட்டுக்கு வந்ததும் அதைத் தேய்த்துப் புதிதாக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பதற்கான சாட்சி அந்த மரத்தில்தான் இருக்கிறது. அதை ஒரே மத்தியானத்தில் அழித்துவிடலாம்.

ஒன்ராறியோவில் ஏரிக்கரை வீடு வாங்கும் நம்மவர்கள் சிலருக்கு, முன்பிருந்தவர் விட்டுப்போன கனூவும் சேர்ந்தே கிடைக்கிறது. அப்படி ஒருவர் அண்மையில் அழைத்தார். "அண்ணை, இதில பேர் ஒண்டும் இல்லை. எந்தக் காலத்துச் சாமான் எண்டு கண்டுபிடிக்கேலுமோ?" பெயர் இல்லாதது அதிசயமில்லை. பல கம்பனிகள் பெயரை முனைப் பலகையில் ஒட்டுப்படமாகத்தான் ஒட்டின. பழைய வார்னிஷைச் சுரண்டிய எவரோ அதையும் சேர்த்துச் சுரண்டியிருப்பார்.

எண்ணைத் தேடச் சொன்னேன். கனூவின் உள்ளே, அணியத்தில் வளைந்து மேலெழும் கட்டையின் அடியில் அது பதிந்திருக்கும். ரோர்ச்சை நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது. மரத்தோடு படியச் சரித்துப் பிடித்தால்தான் பள்ளத்தில் நிழல் விழும். அவர் அனுப்பிய முதல் படத்தில் வார்னிஷுக்கு அடியில் ஒரு 4 மட்டும் தெரிந்தது. பின்முனையிலும் அதே எண் இருந்தது, அங்கே வேறு இலக்கங்கள் தெளிவாக இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது முழு எண்ணும், சற்றுத் தள்ளி ஒரு 16உம் கிடைத்தன. 16 என்பது அடிக்கணக்கில் நீளம். மெயின் மாநிலத்து ஓல்ட் ரவுன் கம்பனியின் வழக்கம் இது.

அந்தக் கம்பனி ஒவ்வொரு கனூவுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தது. நீளம், தரம், எந்தப் பாகத்துக்கு எந்த மரம், என்ன நிறம், எந்த நாளில் எந்த வேலை முடிந்தது, எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என எல்லாம் அதில் உண்டு. லட்சக்கணக்கான அந்த அட்டைகள் தப்பிப் பிழைத்து இன்று கணினியில் ஏறியிருப்பது பெரும் பேறு. ஆனால் எண் பொருந்தினால் மட்டும் போதாது. வேறு கம்பனிகளும் எண் குத்தின. அட்டையில் நிறம் கரும்பச்சை என்றிருந்தது, தம்பியின் கனூவோ சிவப்பு. விளிம்புச் சட்டத்தின் கீழே பெயின்ற் பெயர்ந்த இடத்தைப் பார்க்கச் சொன்னேன். சிவப்புக்கு அடியில் பச்சை இருந்தது. அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

எண்ணே இல்லாவிட்டால் உடம்பைப் படிக்க வேண்டும். இதய வடிவ முனைப் பலகை இருந்தால் அதே மெயினில் வீசி என்ற ஊரில் இயங்கிய மொரிஸ் கம்பனியை நினைக்கலாம். அவர்களின் எண் சிறு பித்தளைத் தகட்டில், அணியத்துக்கு அருகே உட்சட்டத்தில் இருக்கும். வங்குகளின், அதாவது குறுக்கே வளைந்த விலாச் சட்டங்களின், தலையை மூடிய விளிம்பு பெரும்பாலும் பழைய பாணி. தண்ணீரும் மணலும் வடிய இடைவெளி விட்ட விளிம்பு பிறகு வந்தது. நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. அது இருந்தால் கனூவும் பிந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், திருத்தியவர் மாற்றியிருக்கலாம். கனடாவின் பீற்றர்பரோ, செஸ்ற்நட் கனூக்களுக்கு அட்டை வசதி இல்லை. பழைய விலைப்பட்டியல் படங்களோடு பாகம் பாகமாக ஒப்பிட வேண்டியதுதான். பீற்றர்பரோ நகரில் 2024இல் புதிய கட்டடத்துக்கு மாறிய கனடிய கனூ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தால் கண் நன்றாகப் பழகும்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது கம்பனியின் பெயர்தான். செய்தவர் யார் என்ற கேள்வி அதற்கும் அப்பால் போகிறது. ஓல்ட் ரவுன் ஊருக்கு எதிரே, ஆற்றுத் தீவில் பெனொப்ஸ்கொற் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பேர்ச் மரப்பட்டைக் கனூவின் வடிவத்தைத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்வஸ் போர்த்திக் கடைச்சரக்காக்கினார்கள். பட்டைக் கனூவில் முதலில் தோல், பிறகு வங்கு. தொழிற்சாலையில் முறை தலைகீழ்: அச்சின்மேல் வங்குகளை வளைத்து, பலகை அடித்து, கடைசியில் கன்வஸ். அச்சில் பதித்த இரும்புப் பட்டைகளில் முட்டிய பித்தளை ஆணியின் நுனி திரும்பி மரத்துக்குள்ளேயே மடங்கும். வங்கின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் அந்த மடிப்பு தட்டுப்படும். அந்தத் தொழிற்சாலைகளில் பெனொப்ஸ்கொற் மக்களும் வேலை செய்தார்கள். ஒட்டுப்படத்தில் அவர்கள் பெயர் இருந்ததில்லை. கனூவின் வரலாறு எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுங்கள். உக்கிப்போன முனைப் பலகையானாலும் எறியாமல் கழற்றிய இடத்தைக் குறித்து வையுங்கள். எண் குத்திய கட்டையில் சாண்ட் பேப்பர் படவே கூடாது. வீட்டை விற்றவரிடம் பழைய படங்கள் இருக்கின்றனவா என்றும் இந்தக் கிழமையே கேளுங்கள்.