சத்தமில்லாத பேருந்தும் நிற்காத நிறுத்தமும்

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. தாழ்தளம், கேமரா, ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டம். நல்ல செய்திதான். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டது. ஆகவே இதை மின்சார வண்டிக்கு எதிரான கட்டுரையாக யாரும் படிக்க வேண்டாம். என் கேள்வி வேறு. அந்த வண்டி யாருடைய நிறுத்தத்தில் நிற்கும்?

நான் மணலூர்பேட்டைப் பக்கத்துக் காலனிக்காரன். திருக்கோவிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே, தென்பெண்ணைக் கரை. நான் பள்ளிக்குப் போன காலத்தில் காலையில் எங்களுக்கு ஒரே வண்டி. ஊர் நிறுத்தத்தில் நிற்கும். காலனி நிறுத்தத்தில் கை காட்டினாலும் நிற்காது. இலவச பாஸ் கும்பல் என்று எங்களுக்குப் பெயர். ஊர்த்தெருப் பிள்ளைகள் வைத்திருந்ததும் அதே பாஸ்தான். சரி, ஊர் நிறுத்தத்துக்கே முன்கூட்டிப் போய் நிற்கலாமே என்றால், "இங்க என்னடா கூட்டம்?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும். அதனால் நாங்கள் காதை நம்பினோம். திருப்பத்தில் என்ஜின் உறுமும் சத்தம் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பாதி நாள் வண்டி கிடைக்கும்.

பேருந்தில் என்ன சாதி என்று கேட்கும் தோழர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1901-இல் அப்பாவைப் பார்க்கப் போன சிறுவன் அம்பேத்கருக்கு மசூர் ரயிலடியில் மாட்டுவண்டி கிடைக்கவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பதினொன்றாம் வகுப்புத் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த தலித் மாணவரை வழிமறித்து இறக்கி வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாயின. மாட்டுவண்டி டீசல் வண்டியாக மாறியபோது சாதி இறங்கிப் போய்விடவில்லை. பேட்டரி வண்டிக்கு மட்டும் அது வழிவிடுமா?

பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. 1997-இல் விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கலவரத்தில் இறங்கினார்கள். அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. எங்கள் பகுதி வண்டிகளில் இருந்த 'தந்தை பெரியார்' அப்படித்தான் அழிந்துபோய் வெறும் 'விழுப்புரம்' ஆனது.

சென்னையின் மின்சார வண்டிகள் அரசினுடையவை அல்ல. வண்டி கம்பெனியுடையது, ஓட்டுநரும் கம்பெனி ஆள். நடத்துநர் மட்டும்தான் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு பணம் கட்டும். கழகத்தின் ஓட்டுநர் வேலைக்கு 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. கம்பெனி ஓட்டுநர் வேலைக்கு? பூஜ்யம். காக்கிச் சட்டை போட்டு அரசு வண்டி ஓட்டியவர்களின் பிள்ளைகள்தான் எங்கள் தெருவில் முதலில் கல்லூரிக்குப் போனவர்கள். அந்த ஏணியை, புகை போகிறது என்ற பேரில், சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறார்கள். சூழலியல் பேசும் நண்பர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை. 2024 ஜூனில் கருணாபுரத்து விஷச் சாராயம் 65-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான், அந்த மலையில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது. கள்ளக்குறிச்சியின் பள்ளிப் பேருந்தை நாடு பார்த்ததும் ஒரே ஒருமுறைதான், 2022 ஜூலையில் கனியாமூரில் தீப்பற்றி எரிந்தபோது.

உண்மையில் மின்சாரம் மிகப் பொருந்துவது பள்ளி வண்டிக்குத்தான். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, தூரம் முன்பே தெரியும். பகலெல்லாம் சும்மா நிற்கும் நேரத்தில் பள்ளிக் கூரையின் சூரியத் தகடுகளிலிருந்தே மின்னேற்றலாம். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிப்பதில் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியும் வரும். அமெரிக்காவைப் புகழ எனக்கு ஆசையில்லை. ஆனால் 2021 சட்டத்தின்படி தூய பள்ளிப் பேருந்துகளுக்கு ஐந்தாண்டுகளில் 500 கோடி டாலர் ஒதுக்கியபோது, வறுமை மிகுந்த, கிராமப்புற, பழங்குடிப் பள்ளி மாவட்டங்களுக்கு முன்னுரிமை என்று எழுதியே வைத்தார்கள். இங்கே அந்த வரிசை ஏன் தலைகீழாக நிற்கிறது?

"முதலில் ஏதோ ஒரு வண்டி வரட்டும், மின்சாரம் அப்புறம்" என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பழைய சோறும் பழைய துணியும் கொடுத்தவர்கள்கூட நல்லெண்ணம் என்றுதான் சொன்னார்கள். நகரத்தில் ஓடித் தேய்ந்த வண்டி எங்களுக்கு வேண்டாம். புது வண்டி மலைக்கும் காலனிக்கும் முதலில் வரட்டும், அரசு வண்டியாக, இட ஒதுக்கீட்டில் வந்த ஓட்டுநரோடு. காலனி நிறுத்தம் கால அட்டவணையில் எழுதப்படட்டும்; நிற்காமல் போனால் வன்கொடுமை என்று புகார் கொடுக்க வழி இருக்கட்டும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது சென்னை மின்சாரப் பேருந்தின் காணொளியை அம்மாவிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "சத்தமே வராதா?" என்றார். வராது என்றேன்.

"அப்புறம் வண்டி வர்றது நம்ம புள்ளைங்களுக்கு எப்படிடா தெரியும்?"