கண்ணில் படாத பூச்சு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும், பொங்கலுக்குள் வீட்டுக்கு வண்ணம் அடித்துவிடும் அவசரம் தொற்றிக்கொள்கிறது. நேரமும் பணமும் இழுபறியாகும்போது முதலில் வெட்டுப்படுவது பிரைமர்தான். பெயின்ட் ஏறிய பிறகு அடியில் அது இருக்கிறதா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்களில் இந்தச் சிக்கனம் வீண்செலவாகவே முடியும். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் பெயின்டின் தரத்தில் ஒரு படி இறங்கலாம். பிரைமரைக் கைவிடக் கூடாது.

புதிய சிமென்ட் பூச்சு கடும் காரத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். எண்ணெய் பெயின்டை அந்தக் காரம் சோப்பாக மாற்றிச் சிதைத்துவிடும். சுவர் எல்லா இடத்திலும் ஒரே சீராக உறிஞ்சுவதும் இல்லை. வண்ணம் திட்டுத்திட்டாகத் தெரிவது அதனால்தான். காரத்தைத் தாங்கும் சிமென்ட் பிரைமர் உறிஞ்சலைச் சமப்படுத்தி, மேல்பூச்சுக்குப் பிடிமானம் தருகிறது. பட்டி பார்த்துத் தேய்த்த சுவருக்கும் அது வேண்டும். ‘அந்தக் காசில் இன்னொரு கோட் பெயின்ட் அடிக்கலாமே’ என்பது, விலை கூடிய பெயின்டைச் சுவருக்குக் குடிக்கக் கொடுக்கும் யோசனை.

‘தாத்தா காலத்தில் பிரைமர் ஏது?’ என்ற கேள்வி நியாயமானதே. அன்று அடித்தது சுண்ணாம்பு. அது சுவரின் ஈரத்தை வெளியே விடும். மழைக்குப் பிந்தைய வெள்ளையடிப்பு அதற்குப் பொருந்தியது. இன்றைய பெயின்ட் படலம் அவ்வளவு எளிதில் ஈரத்தை விடாது. பொருள் மாறிவிட்டது, நாள்காட்டி மாறவில்லை. ‘உப்புக் காற்றில் எதை அடித்தாலும் உரியத்தானே போகிறது’ என்பார்கள். உட்சுவர் உரிவதற்குப் பெரும்பாலும் காற்றைவிட, கசிவும், தரையிலிருந்து ஏறும் ஓதமும், அவை கொண்டுவரும் உப்புமே காரணம். அவற்றைப் பிரைமர் தடுக்காது என்பது உண்மை. அதனால்தான் கசிவை அடைத்து, சுவரை உலரவிட்டு, பொடி உதிரும் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிய பிறகே பிரைமரை அடிக்க வேண்டும். புதுப் பூச்சானால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும்.

ஆகவே, சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல், பிரைமருக்கான பொருளையும் கூலியையும் தனியே எழுதி வாங்குவது நல்லது. அதை அடிக்கும் நாளில் வீட்டுக்காரர் உடனிருக்க வேண்டும். முந்தைய நாளே ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி வைத்தால், மறுநாள் உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்து ஈரத்தை அறியலாம். கோத்திருந்தால், இந்தப் பொங்கலுக்கு ஒட்டடை அடித்துச் சுவரைத் துடைத்தாலே போதும். வண்ணத்தைப் பங்குனி வெயிலுக்குத் தள்ளிவைப்பதால் பண்டிகை குறைந்துவிடாது. அடுத்த ஆண்டுச் செலவு குறையும்.