முதல்ல வால்வைப் பாருங்க சாமி!

நானும் பொட்டி தட்டுறவன்தான். அந்த உரிமையில சொல்றேன்: "எதுவா இருந்தாலும் சாஃப்ட்வேர்ல பார்த்துக்கலாம்"ங்கிறது எங்க தொழில்லயே மட்டமான வசனம். துகள் முடுக்கியைப் புதுப்பிக்கிற பேச்சுலயும் இதே பாட்டுதான். புது எஃப்பிஜிஏ போர்டு, புது அல்காரிதம், வேலை முடிஞ்சுது!

முடியாதுங்க. ஊஞ்சலை அதோட தாளத்துல தள்ளினாத்தான் வேகம் ஏறும். அதே மாதிரி, நேர்கோட்டு முடுக்கியில இருக்கிற உலோகக் கூடு (கேவிட்டி), உள்ளே வர்ற ரேடியோ அலையோட அதிர்வெண்ணுக்கு ஒத்துப்போகணும். அது விலகாம பிடிச்சு வைக்கிறதுதான் ஒத்ததிர்வுக் கட்டுப்பாடு. லாஸ் அலமோஸ்ல 1972-லேர்ந்து ஓடுற முடுக்கியில 805 மெகாஹெர்ட்ஸ் செம்புக் கூடுகள் இருக்கு. செம்பு ஒரு டிகிரி சூடானா அதிர்வெண் சுமார் 13 கிலோஹெர்ட்ஸ் நகரும். அதனால அங்கே இந்த வேலையில பெரும்பகுதி குளிர்விக்கிற தண்ணியோட சூட்டைக் கவனிக்கிறதுதான். நம்மாளு கோடிங்னு நினைக்கிறது அங்கே பிளம்பிங் :-)

மீக்கடத்திக் கூடுன்னா இன்னும் மோசம். கலிஃபோர்னியா ஸ்லாக்ல எல்சிஎல்எஸ்-2 திட்டத்துக்காக 1.3 கிகாஹெர்ட்ஸ் நயோபியக் கூடுகள் செஞ்சாங்க. அதிர்வு அதிகபட்சம் 10 ஹெர்ட்ஸ்தான் விலகலாம்னு கணக்கு. 130 கோடியில பத்து! 2016-ல ஃபெர்மிலாப்ல முதல் கிரையோமாட்யூலைச் சோதிச்சா, அதைவிடப் பல மடங்கு ஆடுது. காரணம்? ஹீலியம் வால்வு. வால்வுத் தண்டோட ஒரு முனை அறைச் சூட்டுல, மறுமுனை கடுங்குளிர்ல. நடுவுல மாட்டின வாயு புல்லாங்குழல் மாதிரி தானாவே ஊத ஆரம்பிச்சிடுச்சு. அந்த நடுக்கம்தான் கூடு வரைக்கும் போயிருக்கு.

பீசோ டியூனர் கூட்டை அழுத்தியும் விட்டும் சரிபண்ணும், அதுக்கு அல்காரிதம் எழுதினா போதாதான்னு கேப்பீங்க. கேளுங்க. கூட்டுக்குன்னே சொந்தமா இயந்திர அதிர்வுகள் உண்டு. அதுக்குப் பக்கத்துல தப்பான நேரத்துல தள்ளினீங்கன்னா ஆட்டம் அடங்காது, கூடும். அவங்க வால்வுல குழாய் இணைப்பைத் திருப்பிப் போட்டாங்க, தண்டைச் சுத்தித் தடுப்பு வெச்சாங்க. ஆட்டம் அடங்கிச்சு. 2023 செப்டம்பர்ல முதல் எக்ஸ்ரே வந்துச்சு.

சாஃப்ட்வேர் வேண்டாம்னு சொல்லலை. ஹாம்பர்க்ல யூரோப்பியன் எக்ஸ்எஃப்இஎல் துடிப்பு துடிப்பா, நொடிக்கு 10 தடவை ஓடுது. மின்காந்த அழுத்தத்துல கூடு நசுங்குறது ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே மாதிரி. அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு பீசோவால ஈடுகட்டலாம். அங்கே எங்க வித்தை செல்லும். வால்வு தன் இஷ்டத்துக்கு ஊதுற இடத்துல செல்லாது.

அடுத்த தடவை யாராவது புதுப்பிப்புத் திட்டம்னு கொண்டுவந்தா, கன்ட்ரோல் போர்டு பக்கத்தை அப்புறம் புரட்டுங்க. தண்ணி, ஹீலியம், பம்பு, வால்வு பத்தி எத்தனை பக்கம் இருக்குன்னு முதல்ல எண்ணிப் பாருங்க. ஒண்ணுமே இல்லேன்னா, திருப்பி அனுப்புங்க.